கட்டைவிரல் சிலுவை

1

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் எனக்கு இன்றைக்கும் ஒரே ஆள் மாதிரிதான் தெரியும். நம் கோயில் பத்திரிகையான பங்கு மலரை அச்சடிக்கும் தம்பிகள் பொறுமையாகப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சவரிமுத்து. பெயரைச் சொன்னால் பட்டாபிராமில் பலருக்குத் தெரியாது. ரயில் பாதையை ஒட்டிய தெருவில் மஞ்சள் கேட் போட்ட வீடு, ரீட்டாவின் வீட்டுக்காரர் என்றால் தெரியும். குவைத்தில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறேன். வந்து பல வருடங்கள் ஆகின்றன. மகள் ஜெனி அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

போன மாதம் அவளுடைய கல்யாணம் நம் கோயிலில் நடந்தது. நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். சாயங்காலம் மண்டபத்தில் பங்குத்தந்தை மைக்கை என் கையில் கொடுத்து, “பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை நன்றி சொல்வார்” என்றார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ சொல்ல நினைத்தேன். “எல்லாரும் சாப்ட்டுப் போங்க” என்பது மட்டும்தான் வெளியே வந்தது. கூட்டம் சிரித்தது. பங்குத்தந்தை மைக்கை வாங்கிக்கொண்டு, “பேச வரலைன்னா எழுதிக் குடுங்க. பங்கு மலர்ல போடறேன்” என்று காதில் சொன்னார்.

அன்று சொல்லாத நன்றிதான் இது.

2

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வார்கள். பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிறிய சிலுவை ஒன்று போடுவார்கள். உங்களில் பலர் வீட்டில் இன்னும் நடக்கும். சில வீடுகளில் நின்றுபோயிருக்கும். எங்கள் வீட்டில் அது நிற்காததற்குக் காரணம் ரீட்டா. நான் விமானம் ஏறிய அன்றைக்கே, “நீ அங்க இருந்தாலும் செபத்துக்கு வந்துடணும்” என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான புதிதில் என்னை ‘நீங்க’ என்றவள்தான். பிறகு ‘நீ’ ஆகிவிட்டது. அதற்கும் நன்றி.

ஊரில் விளக்கு வைக்கும் நேரம் எங்களுக்கு வெயில் இறங்கும் நேரம். லாண்டரியில் அதுதான் நெருக்கடியான நேரம். அரபிக்காரர்கள் போடும் வெள்ளை நீள அங்கி மலை மாதிரி குவிந்திருக்கும். கஞ்சி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அங்கியை நீவிக்கொண்டே நான் செபம் சொல்வேன். என்னோடு வேலை செய்கிற பாபு குமணன்சாவடிக்காரன். அவன் நம் மதம் இல்லை. ஆனால் செபம் தொடங்கியதும் நீராவிக் குழாயை அவனே அடைத்துவிடுவான், சத்தம் ஊருக்குக் கேட்கக் கூடாதென்று. கேட்டுக் கேட்டு அவனுக்கும் எல்லாம் மனப்பாடம். செபமாலையின் பத்துப் பத்து மணிக் கணக்கில் நான் எங்கேயாவது தடுமாறினால், “மாமே, நாலாவது பத்து ஓடிகினு கீது, நீ இன்னா மூணுலயே நிக்கிற?” என்பான்.

எங்கள் வீட்டுச் செபத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கூட்ஸ் வண்டி போனால் செபம் நிற்கும். சுவரே அதிரும்போது யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அதனால் சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தையிலேயே எல்லாரும் நிறுத்திவிட்டு, வண்டி போன பிறகு அதே இடத்திலிருந்து தொடங்குவார்கள். போனில் அந்தச் சத்தம் வந்தால் நானும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் நான் பட்டாபிராமில் இருக்கிற மாதிரி இருக்கும்.

3

முதன்முதலாக முகம் பார்த்துப் பேசும் போன் வாங்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செபம் முடிந்தது. ஜெனி, “தோத்திரம்பா” என்று நெற்றியைக் கொண்டுவந்து போனில் ஒட்டினாள். கண்ணாடி முழுக்க நெற்றி. நான் கட்டைவிரலை அழுத்திச் சிலுவை போட்டேன். மேலிருந்து கீழே இழுத்தபோது விரல் சிவப்புப் பட்டனில் பட்டு லைன் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டால் அவள் அழுதுகொண்டிருந்தாள். “அப்பா சிலுவ போட்டாரு, போனு செத்துப்போச்சு” என்று அம்மாவிடம் புகார். பாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இன்னா அண்ணாத்தே, ஆசீர்வாதம் பண்ணச் சொன்னா பொணத்துக்கு கண்ண மூடுற மாறி மூடிட்ட!”

மறுநாளும் அதே மாதிரி ஆனது. பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணாடியைத் தொடாமல், ஒரு நகக்கண் உயரத்தில் விரலை நிறுத்தி, காற்றிலேயே சிலுவை போட வேண்டும். லைன் நிற்கும், சிலுவையும் விழும். அப்படியே பழகிவிட்டேன். எந்தச் சாயங்காலமும் விரல் அந்த உயரத்தில் தானாக நின்றுவிடும்.

லீவில் ஊருக்குப் போகும்போது இந்தச் சிக்கல் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தவரை அவளே ஓடிவந்து என் விரலில் நெற்றியை முட்டிக்கொள்வாள்.

வளர வளர அது குறைந்தது. முதலில் நெற்றி போனுக்கு வருவது நின்றது. போனை விட்டத்தைப் பார்த்து வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து “தோத்திரம்பா” என்பாள். நான் சுழல்கிற மின்விசிறிக்குச் சிலுவை போடுவேன். அவள் கல்லூரியில் படித்தபோது ஒரு லீவுக்குப் போனேன். செபம் முடிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. வயது வந்த பெண்ணை நெற்றியைக் காட்டு என்று கேட்க எனக்குக் கூச்சம். அதற்குப் பிறகு நோய்க் காலம் வந்தது, பிறகு லாண்டரி வேறு முதலாளி கைக்கு மாறியது, லீவு தள்ளிக்கொண்டே போனது. கணக்குப் பார்த்தால், அவள் பாவாடை சட்டை போட்ட காலத்துக்குப் பிறகு அவள் நெற்றியை நான் தொட்டதே இல்லை.

இதை நான் குறையாக எழுதவில்லை. ஒரு நாளும் அவள் தோத்திரம் சொல்லாமல் இருந்ததில்லை. சத்தம் மட்டும் தூரத்திலிருந்து வந்தது.

4

மாப்பிள்ளை நெமிலிச்சேரிப் பையன். நல்ல குடும்பம். இரண்டு வீட்டாரும் பேசி அக்டோபரில் நாள் வைத்தார்கள். நவம்பர் ஆன்மாக்களின் மாதம், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம், இரண்டிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ரீட்டாவின் எண்ணம். மண்டபமும் கிடைத்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கல்யாணத்தன்று காலையில், பெண் வீட்டை விட்டுக் கோயிலுக்குக் கிளம்பும் முன், வீட்டுப் பீடத்தின் முன்னால் நிற்க வைத்து அப்பா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார் இல்லையா, அதைச் செய்ய வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. இக்காமா என்றால் இங்கே தங்க அரசாங்கம் தரும் அனுமதி. அது இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது, வேலை போனது போனதுதான். புதுப்பிக்க வேண்டுமென்றால் கைரேகை பதிய வேண்டும். எங்கள் லாண்டரிக்கு அலுவலக வேலை பார்க்கும் மந்தூப் ஒரு எகிப்துக்காரர். அவர் என்னை வண்டியில் கூட்டிப் போனார்.

மற்ற விரல்கள் எல்லாம் எப்படியோ பதிந்துவிட்டன. வலது கட்டைவிரலை மட்டும் மெஷின் ஏற்கவில்லை. நான் இடது கையில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவன். பெட்டி போகும் வழியில் முன்னால் போய்க் காலர் மடிப்பை நீவிக் கொடுப்பது வலது கட்டைவிரல். சூடும் நீராவியும் கஞ்சியுமாகச் சேர்ந்து அந்த விரலின் ரேகையை மொத்தமாகத் தேய்த்துவிட்டிருந்தன. வைத்தேன், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. அங்கிருந்தவர் “புக்ரா” என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம். லாண்டரியில் துணி தயாராகாதபோது நான் எல்லாரிடமும் சொல்லி அனுப்பும் வார்த்தை அது. எனக்கே திரும்பி வந்தது.

மறுநாளும் சிவப்பு. அடுத்த வாரமும் சிவப்பு.

பாபு என் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “மாமே, இது வெரலா சோப்புக் கட்டியா? மெஷினு இன்னா பண்ணும் பாவம். நீ மட்டும் திருட்டுத் தொழிலுக்குப் போயிருந்தா ராஜா மாறி இருந்திருப்ப. போலீசு ரேகைய தேடிகினே இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனே பார்த்துவிட்டு, “சரி வுடு. எதுனா வழி கீது” என்றான்.

ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம் என்று பூசையில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டுமே, அதுதான். ஞாயிறு இங்கே வேலை நாள். ரீட்டா போனை ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்துக் காட்டினாள். என் பெயரை நம் கோயில் மைக்கில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு கூசிப்போனது. பூசை முடிந்து வெளியே வந்ததும் ரீட்டா கேட்டாள்.

“வெரலு இன்னா ஆச்சு?”

“இன்னும் இல்ல.”

அவள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். “வராட்டியும் பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேலைய வுட்டுட்டு வந்துடுன்னு சொல்லவும் வாய் வரல. இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு.”

ஜெனி போனை வாங்கினாள். “அப்பா, டென்ஷன் ஆவாத. வர முடியலன்னா வீடியோ கால்லயே போட்டுடு. எனக்கு அதான பழக்கம்?”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று முழுவதும் அந்தச் சொல்லை நான் அங்கியோடு சேர்த்து மடித்துக்கொண்டே இருந்தேன்.

5

இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவோம், அன்றுதான் விடுமுறை. தமிழ்ப் பூசைக்கு வெயிலில் நீண்ட வரிசை நிற்கும். அந்த வெள்ளி, பாபுவும் என்னோடு வந்தான். பூசை முடிந்து வெளியே வந்ததும், கோயில் சிலுவைப் பக்கம் கையைக் காட்டி, “நான் உங்காளுகிட்ட சொல்லிட்டேன். இவன் வாய் தொறந்து கேக்க மாட்டான், நீயே பாத்துக் குடுன்னு” என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றைக்கே முதலாளியிடம் போய், சவரி கொஞ்ச நாள் இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது, அவன் பங்கு அங்கியையும் நானே போடுகிறேன் என்று பேசிவிட்டு வந்தான். முதலாளி என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார்.

கவுண்டரில் உட்காருவதைவிட எனக்குச் சூளையில் உட்காருவது சுலபம். வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த அரபி நாலைந்து வார்த்தை. ஒருவர் தன் அங்கியில் இருந்த டீக்கறை போனதா என்று கையைக் காட்டிக் கேட்டார். போய்விட்டது, இல்லை என்று சொல்ல நினைத்து “மாஃபி” என்றேன். அவர் அங்கியே தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே ஓடி அங்கியை எடுத்து வந்து விரித்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். பாபு உள்ளேயிருந்து, “உன்ன கவுண்டர்ல வெச்சா கடைக்கே மாஃபிதான் மாமே” என்றான். அவன் சட்டை முழுக்க வியர்வை. இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்துகொண்டிருந்தான்.

ரீட்டா ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் விரலில் தேய்த்துக்கொள்வேன். மாதாவே, என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் எனக்கு வேண்டத் தெரியாது.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாவதும் வாசித்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் மந்தூப் வந்து வண்டியில் ஏறச் சொன்னார். அன்று மெஷினில் ஒரு பெண் இருந்தார், கறுப்பு அங்கி, வயதில் என் தங்கை மாதிரி. என் விரலைப் பார்த்துவிட்டு எங்கே வேலை என்று கேட்டார். இஸ்திரி போடுகிற மாதிரி கையால் காட்டினேன். ஓ என்று தலையை ஆட்டினார். ஈரத்தாளால் என் விரலைத் துடைத்தார். என் நகத்தின் மேல் தன் விரலை வைத்து அழுத்தி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். சிவப்பு. மறுபடி துடைத்தார், மறுபடி அழுத்தினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

“கலாஸ், பாபா” என்றார். முடிந்தது பெரியவரே என்று அர்த்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எண்ணெயா, ஓய்வா, பாபுவின் முதுகா, அந்தத் தங்கையின் பொறுமையா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. நாலுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன். நாலும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கும்.

6

இக்காமா கைக்கு வந்ததும் விமானம் ஏறி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பட்டாபிராம் வந்து சேர்ந்தேன். வீடு நிறைய ஆள். ஜெனி அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். “சாப்ட்டியாப்பா?”, “குளிச்சியாப்பா?” என்று போகிற போக்கில் கேட்பாள். நானும் உம் என்பேன். செபம் முடிந்ததும் அவளைப் பெண்கள் மருதாணி வைக்க இழுத்துக்கொண்டு போனார்கள். கிட்டேயே இருந்தோம், ஆனாலும் பேச இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேன்?

கல்யாணத்தன்று காலையில் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் மெல்லிய வலை போட்டு, அவளை அறையிலிருந்து கூட்டி வந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன், யாரோ பெரிய மனுஷி வந்த மாதிரி. பீடத்தில் திரு இருதயப் படத்துக்கு முன் சின்ன பல்பு எரிந்தது. ரீட்டா செபம் சொன்னாள். முடிந்ததும் என் முழங்கையைத் தட்டி, “உம், போடு” என்றாள்.

ஜெனி என் முன்னால் வந்து நின்றாள். “தோத்திரம்பா” என்றாள். பக்கத்திலிருந்து கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது.

அலங்காரம் செய்த பெண் அவசரமாகக் குறுக்கே வந்தாள். “அங்கிள், நெத்தில அழுத்திடாதீங்க. மேக்கப் கலைஞ்சிடும். சும்மா பட்டும் படாம போடுங்க.”

நான் தலையாட்டிவிட்டு விரலைக் கொண்டுபோனேன். விரல் நின்றுவிட்டது. நெற்றிக்கு ஒரு நகக்கண் முன்னால், எப்போதும் நிற்கிற அதே உயரத்தில். மேக்கப்புக்காக நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. இன்னும் கொஞ்சம் கொண்டுபோகப் பார்த்தேன். கை கேட்கவில்லை. தொட்டால் அவள் போய்விடுவாள் என்று அது இத்தனை வருடமாகப் படித்து வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி வந்தது. சுவர் அதிர்ந்தது, பீடத்துப் பல்பு ஆடியது. வீட்டில் எல்லாரும் வழக்கம்போல அப்படியே நின்றார்கள். வண்டி போகட்டும் என்றுதான் நான் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஜெனி மட்டும் என் விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவள் கண் நிறைந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு.

கடைசிப் பெட்டி போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“தொடுப்பா. லைன் கட் ஆவாது.”

தொட்டேன். அழுத்தித்தான் போட்டேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். நெற்றி சூடாக இருந்தது.

அலங்காரம் செய்த பெண் “ஐயோ அங்கிள்” என்று பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஜெனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வுடுக்கா. அது அப்டியே இருக்கட்டும்.” அப்படியேதான் கோயிலுக்கு வந்தாள். கல்யாண ஆல்பம் நெமிலிச்சேரி வீட்டில் இருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் உற்றுப் பாருங்கள், நெற்றியில் பவுடர் சிலுவையாகக் கலைந்திருப்பது தெரியும்.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். வந்தவர்களுக்கும், வாழ்த்தியவர்களுக்கும், ஓலை வாசித்த பங்குத்தந்தைக்கும், ரீட்டாவுக்கும், இங்கே எனக்காக உழைத்த பாபுவுக்கும், பெயர் தெரியாத அந்தத் தங்கைக்கும், எல்லாருக்கும் மேலே ஆண்டவருக்கும் நன்றி.

திரும்பி வந்து பழையபடி இஸ்திரிப் பெட்டி பிடித்துவிட்டேன். சாயங்காலம் கஞ்சி டப்பா மேல் போன் இருக்கிறது. குவைத் போனதும் எழுதுகிறேன் என்று பங்குத்தந்தையிடம் சொன்னவன், எழுத்துக்குப் பயந்து இத்தனை நாள் தள்ளிவிட்டேன். இன்று பூசைக்குப் போய் வந்து, அங்கி மடிக்கும் மேஜையில் உட்கார்ந்து ஒரு வழியாக முடித்தேன்.

எழுதிய நாள்: திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இங்கே காலண்டரில் வெள்ளிக்கிழமை.